ஊர்க் குழுவில் போர்ச் செய்தி: அடுத்த நெருக்கடிக்கு முன் என்ன விதி வைத்துக்கொள்வது?

1. முகப்புத்திண்ணை (கோனாபட்டு), இரவு 9.40

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவை ஆறு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோயில் கணக்கு, ஊருணி தூர்வாருவது, கேதச் செய்தி, படைப்பு (முன்னோர் வழிபாடு) அழைப்பு, மின்தடை நேரம் ஆகியவைதான் அதில் ஓடும். ஊரில் இருப்பவர்களைவிட சிங்கப்பூர், கோலாலம்பூர், சென்னை என்று வெளியில் இருப்பவர்களே அதில் அதிகம். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊரை அந்தக் குழுதான் இன்னும் ஊராக வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பாகிஸ்தானோடு சண்டை நடந்த 2025 மே 8 இரவை என்னால் மறக்க முடியவில்லை. சாப்பிட்டு எழுந்த நேரத்தில் தொடங்கி விடியும்வரை செய்திகள் வந்தபடியே இருந்தன. கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை அழித்துவிட்டது என்றார்கள். சில தொலைக்காட்சிகளும் அதையே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு தெரு கொழுந்துவிட்டு எரியும் காட்சி வந்தது. அது அந்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் விமானம் விழுந்தபோது எடுத்தது என்று பின்னர் தெரிந்தது. இரவு வானத்தில் குண்டுகள் பாயும் இன்னொரு காட்சி, ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டில் இருந்து வெட்டி எடுத்தது. கராச்சியைத் தாக்கியதாக நம் அரசு ஒரு வரிகூட அறிவிக்கவில்லை. ஏடிஎம்கள் இரண்டு மூன்று நாள் மூடப்படும் என்ற செய்தியும் அதே நேரத்தில்தான் வந்தது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அதை மறுத்தது. மறுப்பு எங்கள் குழுவுக்கு வந்து சேர்வதற்குள் காரைக்குடிக்கு ஆள் அனுப்பிப் பணம் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பணம் எடுக்க வழியில்லாத கிழவிகள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள்.

அந்த எரியும் தெருவைக் குழுவில் போட்டவன் நான். பள்ளிக்கூட வாத்தியார் போட்டதால் நம்பினோம் என்று மறுநாள் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் குறையாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். எனக்கு அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

இப்போது அமைதியான காலம். இப்போதே ஊர் கூடி ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். என்ன விதி, அதை யார் காப்பது, மீறினால் என்ன செய்வது? படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2. சிக்னல்ஸ் ஓய்வு (தேவகோட்டை), இரவு 10.15

ஐயா, தவறான செய்தியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் முதலில் சரியான செய்தியைப் பற்றிப் பேச வேண்டும். படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நெருக்கடி நேரத்தில் உண்மையான படம் ஒன்று, பத்துப் பொய்ப் படங்களைவிட அதிகக் கேடு செய்யும்.

அதே வாரத்தில் நம் நெடுஞ்சாலையில் போன ராணுவ வண்டிகளை ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து படம் எடுத்து, பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தான். வீரர்களின் மேல் அவனுக்குள்ள அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அரை நிமிடக் காட்சியில் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். வண்டிகள் எத்தனை, எந்த வகை, எந்தத் திசை, எத்தனை மணி என்று எல்லாம் தெரிந்தது. ஊர்ப் பெயர்ப்பலகைகூடப் பின்னால் தெரிந்தது. எதிரிக்கு வேலை பார்ப்பவன் ஒருவனுக்கு அந்த ஒரு படத்தால் பெரிய பயன் இருக்காது. திருமயத்தில் ஒருவன், இராமநாதபுரத்தில் ஒருவன் என்று நான்கு பேர் அதே நாளில் போட்டால், வேகமும் போய்ச் சேரும் இடமும் அவன் கைக்கு வந்துவிடும். முன்பெல்லாம் அதற்கு ஒற்றர்களை வைத்துச் சோறு போட வேண்டியிருந்தது.

மும்பையில் 2008 நவம்பரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நரிமன் இல்லத்தின் மேல் அதிரடிப்படை ஹெலிகாப்டரில் இருந்து இறங்குவதை நாடே நேரலையில் பார்த்தது. பாகிஸ்தானில் இருந்து தொலைபேசியில் வழிநடத்தியவர்களும் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கசாப் வழக்கில் 2012 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், அந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே இன்று இருக்கிறது. பஹல்காம் படுகொலைக்கு நான்கு நாள் கழித்து, 2025 ஏப்ரல் 26 அன்று, ஊடகங்களுக்கும் சமூக ஊடகத்தில் எழுதுவோருக்கும் அரசு அதையே மறுபடி நினைவூட்டியது. நம் ஊர்ப் பையனுக்கு அது தெரியுமா? யார் அவனிடம் சொன்னார்கள்?

என் கருத்து: நெருக்கடி நேரத்தில் குழுவை நிர்வாகி மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள். மீறுகிறவனைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். தயவு பார்க்க வேண்டாம்.

3. செக்காலை வாசகி (காரைக்குடி), இரவு 10.50

தேவகோட்டை அண்ணன் சொன்ன முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். கடைசி இரண்டு வரிகளோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

வாய்களைப் பூட்டினால் வதந்தி நிற்கும் என்பது என் அனுபவத்தில் இல்லை. பதில் வராத நேரத்தில்தான் வதந்தி முளைக்கிறது. மே 7 அன்று அதிகாலை 1.05 முதல் 1.30 வரை நம் படையின் தாக்குதல் (ஆபரேஷன் சிந்தூர்) நடந்தது. 1.44-க்கு அரசின் அறிக்கை வந்துவிட்டது. காலையில் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியும் கர்னல் சோபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் வந்து உட்கார்ந்து, எந்த இடம், ஏன் அந்த இடம் என்று படத்தோடு விளக்கினார்கள். அந்தக் காலையில் என் வீட்டில் யாரும் குழுச் செய்திகளைத் தேடவில்லை. தேவையே இருக்கவில்லை. மறுநாள் இரவு வந்தபோது, காலை விளக்கம்வரை காத்திருக்கும் பொறுமை தொலைக்காட்சிகளுக்கு இல்லை. இடைவெளியை அவர்கள் நிரப்பினார்கள்.

மே 10 மாலையை நினைத்துப் பாருங்கள். சண்டை நிறுத்தம் என்ற செய்தி நமக்கு முதலில் வந்தது அமெரிக்க அதிபரின் சமூக ஊடகப் பதிவில் இருந்து. அதற்குப் பிறகுதான் மிஸ்ரி அறிவித்தார். நாலு நாள் நாட்டுக்காகப் பேசிய அந்த மனிதரை, அறிவித்த குற்றத்துக்காக, குடும்பத்தோடு சேர்த்து வசைபாடினார்கள்; அவர் தன் எக்ஸ் கணக்கையே பூட்டிக்கொள்ள நேர்ந்தது. வசைபாடியவர்கள் எதிரி நாட்டுக்காரர்கள் அல்லர். இரண்டு நாளாகக் கராச்சி விழுந்தது, இன்னொரு நகரம் விழுந்தது என்று நம்பவைக்கப்பட்ட நம் ஆட்கள்தான். வெற்றியைப் பொய்யாக ஊதிக் கொடுத்தால், உண்மை நிலவரத்தைச் சொல்லும் அதிகாரி துரோகியாகத் தெரிகிறார். பொது நம்பிக்கை கெடுவதை நான் என் கண்ணால் பார்த்தது அந்த மாலையில்தான்.

இன்னொன்று. செய்தித் தொலைக்காட்சிகள் அந்த நாட்களில் நிகழ்ச்சி நடுவே விமானத் தாக்குதல் சங்கொலியை ஓடவிட்டார்கள். அப்படிச் செய்யாதீர்கள், உண்மையான சங்கு ஊதும்போது மக்கள் பொருட்படுத்த மாட்டார்கள் என்று குடிமைப் பாதுகாப்புத் துறை எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. என் மகள் இன்றும் அந்த ஒலி கேட்டால் தொலைக்காட்சி என்றுதான் நினைக்கிறாள்.

4. பேரேடு (பள்ளத்தூர்), இரவு 11.30

எனக்கு எண்பது வயதாகிறது. பேத்தி கற்றுக்கொடுத்துத்தான் இதில் தட்டச்சு செய்கிறேன். மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (பொறுப்பாளருக்கு அடுத்த நிலை உதவியாளராக) இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. அதன் பிறகு மூன்று மாதம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கடிதம் தணிக்கையில் நிற்கும், தந்தி போகாது. அந்த நேரத்தில் ஊருக்கு ஒரு செய்தி வந்தது: அவர் ஏறிய கப்பல் மூழ்கிவிட்டது என்று. யார் சொன்னது என்றால், புதுக்கோட்டையில் ஒருவர். அவருக்கு யார் என்றால், நாகப்பட்டினத்தில் ஒருவர். உறவினர்கள் துண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐயாவின் ஆத்தா முகப்பில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: "அதுக்கு விலாசம் என்ன?"

இளையவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டும். இன்று விலாசம் என்றால் முகவரி. வெளிநாட்டில் கொடுக்கல் வாங்கல் செய்த நம் ஆட்களுக்கு விலாசம் என்பது கடையின் தலைப்பெழுத்து. கடிதத்திலும் உண்டியலிலும் (பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு) அந்த நாலு எழுத்து இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு குடும்பம், ஒரு கோயில், ஒரு கணக்கு நிற்கிறது என்று பொருள். விலாசம் இருந்தால் சைகோனில் எழுதிய சீட்டுக்குச் சென்னையில் பணம் எண்ணிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் எவ்வளவு அழகான கையெழுத்தானாலும் அது வெறும் காகிதம். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடித்தான் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். தனியொருவர் காதோடு காது சொன்ன வட்டியை யாரும் பேரேட்டில் ஏற்றவில்லை.

கப்பல் செய்திக்கு விலாசம் இல்லை என்பதால் மருமகளின் தாலியில் கை வைக்க அந்த ஆத்தா அனுமதிக்கவில்லை. ஐயா 1942 பங்குனியில் உடம்பு பாதியாக வந்து சேர்ந்தார், தரைவழியாக நடந்து. கப்பலில் ஏறவே இல்லை.

அதே நாட்களில் சென்னையில் நடந்ததையும் சொல்கிறேன். ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு, 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்து, ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்று அரசுக்கே ஒரு தவறான தகவல் வந்தது. அரசு அலுவலகங்களைக் கடலோரத்தைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு மாற்றினார்கள். மிருகக்காட்சிசாலையில் இருந்த புலி சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதைப் பார்த்த மக்கள், இங்கே இருந்தால் உயிர் போய்விடும் என்று கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். காரைக்குடிப் பக்கம் வீடுகளெல்லாம் விருந்தாளிகளால் நிரம்பின என்று கேட்டு வளர்ந்தவன் நான். கப்பற்படை வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது; அப்போது ஓடினவர்களில் பலர் திரும்பிவிட்டிருந்தார்கள்.

அரசாங்கத்தின் வாயில் இருந்து வருவதும் சில நேரம் வதந்தியாக இருக்கும். இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. சிக்னல்ஸ் ஓய்வு (தேவகோட்டை), இரவு 11.50

பெரியவரே, வணக்கம். விலாசம் என்ற சொல்லை இந்தப் பொருளில் இன்றுதான் கேட்கிறேன். எங்கள் பிரிவில் ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பில் யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு எழுதியது என்று இருக்கும். அது இல்லாத தாளை அதிகாரி மேசைக்கே கொண்டுபோக முடியாது. நீங்கள் சொல்வதும் அதுவேதான்.

அரசும் தவறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2004 சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, இன்னொரு அலை வரலாம் என்று உள்துறையே எச்சரிக்கை விட்டது நினைவிருக்கிறது. அன்று நான் விடுப்பில் நாகப்பட்டினம் கடற்கரையில் இருந்தேன். பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். வெளிநாட்டுத் தனியார் ஒருவரின் ஆரூடத்தை நம்பி விட்ட எச்சரிக்கை அது. அதன் பிறகுதான் ஹைதராபாத்தில் 2007-இல் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இப்போது அந்த மையம் சொன்னால் கடற்கரைக்காரர்கள் கேட்கிறார்கள்.

6. செட்டியார்தெரு (காரைக்குடி), மறுநாள் காலை 6.30

பூட்டுவது பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் அத்தை குடும்பம் கொழும்பு செட்டியார் தெருவில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் அவர்களுக்கு நடந்து போகும் தூரம். அன்றே அரசு பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கியது. காரணம் இருந்தது; அதற்கு முந்தைய ஆண்டு அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்ற பொய் பரவி, பிறகு கண்டி திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020-இல் மன்னிப்புக் கேட்டது.

ஆனால் எங்களுக்கு என்ன நடந்தது? அத்தை உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய ஒன்றரை நாள் ஆனது. தொலைபேசி இணைப்பு கிடைக்கவில்லை, வாட்ஸ்அப் இல்லை. அதே நேரத்தில், தடையைச் சுற்றிப் போகும் செயலி தெரிந்தவர்கள் வெறுப்பை இறக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். முடக்கம் தாக்கியது விவரம் தெரியாத வயதானவர்களை. இதையெல்லாம்விடக் கொதிப்பான விஷயம்: தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4 அன்றே கொழும்புக்குச் சொல்லியிருந்தது. அந்த எச்சரிக்கை தேவாலயத்துக்குப் போகவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்துவிட்டு, மக்கள் பேசுவதை மட்டும் நிறுத்தினார்கள். இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். என் அத்தை இன்னும் கொழும்பு அரசின் எந்த அறிவிப்பையும் நம்புவதில்லை, மருத்துவ அறிவிப்பைக்கூட.

இங்கேயும் பார்த்தோம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். யார் இறந்தார், யார் மருத்துவமனையில் என்று வீட்டாருக்குத் தெரியாத நாட்கள் அவை.

7. ஆத்தங்குடிக்கல் (ஆத்தங்குடி), காலை 8.05

நான் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரன். என்னிடம் பீகார்க்காரர்கள் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். 2023 மார்ச் முதல் வாரம் ஒரு காலையில் மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். தமிழ்நாட்டில் இந்திக்காரர்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று கைப்பேசியில் காட்டினார்கள். பார்த்தால் வேறு மாநிலத்தில் நடந்த கொலை, வேறு காரணத்துக்காக நடந்த அடிதடி. எல்லாவற்றையும் ஒட்டி ஒரு கதையாக்கியிருந்தார்கள். சொந்த ஊரில் மனைவி அழுகிறாள், கிளம்பு என்கிறாள். எந்த நியாயம் பேசி நிறுத்துவது?

காவல்துறை இந்தியிலேயே மறுப்பு வெளியிட்டது. முதலமைச்சர் பீகார் முதலமைச்சரோடு பேசினார். பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு திருப்பூர் வந்து பார்த்துவிட்டுப் போனது. எல்லாம் நல்லதுதான், ஆனால் என் ஒன்பது பேரை நிறுத்தியது வேறு. அவர்களில் ஒருவரின் மைத்துனர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அவரைக் காணொளி அழைப்பில் பிடித்தோம். அவர் கைப்பேசியைத் திருப்பி, இயந்திரம் ஓடுவதையும் தெருவையும் டீக்கடையையும் காட்டினார். பிறகு அவர்கள் மனைவிமாரிடம் அதையே இவர்கள் காட்டினார்கள். பதினொரு மணிக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள்.

பெரியவர் சொன்ன விலாசம் அவர்களுக்கு மைத்துனர்தான். முன்பு 2012-இல் பெங்களூரில் இருந்து வடகிழக்கு மாநிலத்தவர்கள் ரயில் ரயிலாக ஓடியபோது அப்படி ஒரு மைத்துனர் இருந்திருந்தால் எவ்வளவோ பேர் தங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அன்று அரசு ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் மொத்தமாக அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. ஓட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது.

8. முகப்புத்திண்ணை (கோனாபட்டு), காலை 9.20

எல்லோருக்கும் நன்றி. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காவல் நிலையம் என்றதும் ஊரில் சிலர் பயப்படுகிறார்கள்.

9. செக்காலை வாசகி (காரைக்குடி), காலை 10.00

சுருக்கமாகச் சொல்கிறேன். பொது மக்களிடையே அச்சத்தையோ பிரிவினரிடையே பகையையோ கிளப்பும் வதந்தியைப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 353-ஆம் பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. நம்பும்படியான காரணத்தோடும் நல்லெண்ணத்தோடும் சொன்னவருக்கு அதிலேயே விலக்கும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் முன்பு இருந்த 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. பிடிக்காத கருத்தை எழுதியவர்களையெல்லாம் அதில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தன்னைப் பற்றிய செய்தி பொய்யா என்று மத்திய அரசே தீர்மானிக்கும் உண்மைகண்டறியும் பிரிவை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. எது பொய் என்று தீர்மானிப்பவனே வழக்கின் ஒரு தரப்பாக இருக்கக் கூடாது என்ற அந்த நியாயம் எனக்குச் சரியாகவே படுகிறது. மே 2025-இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட எக்ஸ் கணக்குகளை முடக்கச் சொன்னபோது, பெரும்பாலானவற்றில் எந்தப் பதிவு குற்றம் என்றே சொல்லப்படவில்லை என்று அந்த நிறுவனம் கூறியது. இப்படிச் செய்தால் நியாயமான முடக்கத்தையும் மக்கள் சந்தேகப்படுவார்கள்.

தேவகோட்டை அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன், அவர் ஊர்க் கதைதான். 1942 ஆகஸ்டில் தேவகோட்டை நீதிமன்றம் எரிந்தது, திருவாடானைச் சிறை உடைக்கப்பட்டு விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலை வெளியே வந்தார். அந்த மாதத்தில் பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. துண்டுத்தாளும் ரகசிய வானொலியும்தான் செய்தி. அன்றைய அரசின் கணக்கில் அது அத்தனையும் வதந்தி. நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் உண்மை. காவல் நிலையத்தை முதல் படியாக வைத்தால் இந்த வேறுபாட்டை யார் பார்ப்பார்கள்?

10. சிக்னல்ஸ் ஓய்வு (தேவகோட்டை), காலை 10.40

தங்கையே, அந்நிய ஆட்சியையும் நாம் வாக்களித்த ஆட்சியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அதில் நான் உடன்பட மாட்டேன். அன்று எரித்தவர்களில் என் தாய்வழிப் பாட்டனாரும் உண்டு. அவர் பின்னாளில் இரண்டு மகன்களைப் படைக்கு அனுப்பினார்.

ஆனால் காவல் நிலையத்தை முதல் படியாகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வண்டிகளைப் படமெடுத்த பையனின் வீட்டுக்கு அன்று நானே போயிருக்க வேண்டும். போயிருந்தால் பத்து நிமிடத்தில் நீக்கியிருப்பான். எனக்கு அவன் தகப்பனைத் தெரியும். நான் போகவில்லை, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

11. பேரேடு (பள்ளத்தூர்), பகல் 12.15

2018-இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை யாரும் சொல்லவில்லை. குலதெய்வம் கும்பிடப் போன குடும்பம். ஒரு மூதாட்டி தெருவில் விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த பொய்யை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே கோடையில் நாட்டின் பல மூலைகளில் இப்படி உயிர்கள் போனதால்தான் ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் செய்தது.

நம் வீடுகளுக்குப் படைப்புக்கு மலேசியாவில் இருந்து வருகிறவர்கள் தெருப் பிள்ளைகளைக் கண்டால் கைப்பையில் இருந்து மிட்டாய் எடுத்துக் கொடுப்பார்கள். தமிழ் சரளமாகப் பேச வராத பேரன் பேத்திகளும் கூட வருவார்கள். எனக்கு அந்தச் செய்தியைப் படித்த நாளில் இருந்து இந்த எண்ணம் போகவில்லை.

12. கிழக்குத் தெரு (கோனாபட்டு), பிற்பகல் 3.30

நான் வாத்தியார் ஐயா குழுவில்தான் இருக்கிறேன். இதுவரை எதிலும் எழுதியதில்லை. என் தம்பி மகள் திருத்திக் கொடுக்க எழுதுகிறேன்.

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். எங்கே என்று சொல்ல மாட்டேன். அந்த மே மாதத்தில் பதினொரு நாள் அவனிடம் இருந்து அழைப்பு இல்லை. இப்படி நடக்கும் என்று முன்பே சொல்லியிருந்தான். கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று. அதனால் நான் அழவில்லை. கராச்சி, லாகூர் என்று வந்ததெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை, எனக்கு அந்த ஊர்கள் தெரியாது.

என்னை உலுக்கியது வேறு. மே 9 காலையில் குழுவில் ஒருவர் என் மகன் சீருடையில் நிற்கும் படத்தைப் போட்டார். போன பொங்கலுக்கு வந்தபோது எடுத்தது. கீழே அவன் பெயர், படைப்பிரிவு, இருக்கும் இடம், எல்லையில் நம் ஊர்ச் சிங்கம் என்று எழுதியிருந்தார்கள். நூறு பேர் கை கூப்பிய படம் போட்டார்கள். பெருமையாகத்தான் செய்தார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்பதை அவன் எனக்கே வாயால் சொன்னதில்லை. யாரோ எப்படியோ கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். அன்றைக்கு மாலை அறிமுகம் இல்லாத எண்ணில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. ராணுவ அலுவலகத்தில் இருந்து பேசுகிறோம், உங்கள் மகன் காயம், கணக்கு எண் சொல்லுங்கள் என்றார்கள். அவன் பெயரையும் பிரிவையும் சரியாகச் சொன்னார்கள். நான் கையில் இருந்த சட்டியைப் போட்டுவிட்டேன். தம்பிதான் கைப்பேசியை வாங்கி, அவன் பிறந்த தேதியைச் சொல் என்று கேட்டான். வைத்துவிட்டார்கள்.

தேவகோட்டை அண்ணன் சொன்ன சரியான செய்தி இதுதான் என்று நினைக்கிறேன்.

வாத்தியார் ஐயா, அந்தப் படம் இன்னும் குழுவில் இருக்கிறது. எனக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. பெருமைப்படுகிறவர்களை எப்படி வேண்டாம் என்பது?

13. செக்காலை வாசகி (காரைக்குடி), பிற்பகல் 3.50

அக்கா, நீங்கள் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கூச்சப்பட வேண்டியவர்கள் நாங்கள். இனி அப்படி அழைப்பு வந்தால் 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள். இணைய மோசடிக்கான எண் அது.

14. சிக்னல்ஸ் ஓய்வு (தேவகோட்டை), மாலை 4.10

தாயே, உங்கள் மகன் நன்றாக இருக்கட்டும். முன்பின் தெரியாதவர்கள் நடுவே இந்த இழையில் எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். படையில் ஒவ்வொரு விடுப்புக்கு முன்பும் எங்களிடம் சொல்லி அனுப்புவார்கள், வீட்டில் படம் போட விடாதீர்கள் என்று. வீட்டில் நாங்களும் சொல்வோம். ஊரிடம் யாரும் சொன்னதில்லை.

15. முகப்புத்திண்ணை (கோனாபட்டு), மூன்றாம் நாள் இரவு 8.30

நேற்று மாலை சிவன் கோயில் மண்டபத்தில் கூடினோம். வெளியூரில் இருப்பவர்கள் கைப்பேசியில் கேட்டார்கள். இளைஞர்கள் பத்துப் பேர் வந்தது எனக்கு நிறைவாக இருந்தது. வண்டிகளைப் படமெடுத்த பையனைத் தேவகோட்டைக்காரர் தம் ஸ்கூட்டரில் அழைத்து வந்திருந்தார்.

முடிவானதை எழுதுகிறேன். குழுவைப் பூட்டப் போவதில்லை. நெருக்கடி நேரத்தில் எதைப் போட்டாலும் அதற்கு விலாசம் எழுத வேண்டும்: யார் சொன்னது, எந்த நாள், போடுகிறவர் தாமே சரிபார்த்தாரா. விலாசம் இல்லாததை யார் கண்டாலும் "விலாசம்?" என்று ஒரே சொல்லில் கேட்கலாம், கேட்டவரைக் கோபிக்கக் கூடாது. நான் போட்டாலும் கேட்க வேண்டும் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டேன். பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் மறுப்பையும் நம் மாநிலத் தகவல் சரிபார்ப்பகத்தின் பதிவுகளையும் பார்த்துச் சொல்ல இரண்டு கல்லூரி மாணவிகள் பொறுப்பேற்றார்கள். படை வண்டி, வீரர் பெயர், பிரிவு, இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு விலாசம் இருந்தாலும் இடமில்லை. மீறினால் முதலில் இரண்டு பேர் அந்த வீட்டுக்கு நேரில் போவார்கள். கைப்பேசி இல்லாத பதினான்கு வீடுகளுக்கு யார் போய்ச் சொல்வது என்றும் தெருவாரியாகப் பிரித்திருக்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருந்தார்கள்; எழுத்துச் சுதந்திரம் என்றார் ஒருவர், இன்னும் கடுமை வேண்டும் என்றார் இன்னொருவர். ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு மறுபடி கூடலாம் என்று விட்டோம்.

கிழக்குத் தெரு வீட்டுக்கு நேற்று இரவே நானும் என் மனைவியும் போய் வந்தோம். படத்தைக் குழுவில் இருந்து நீக்கியாகிவிட்டது. அதற்குள் மூன்று பேர் தங்கள் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. இருவர் அங்கும் சொல்லி நீக்கவைத்துவிட்டார்கள். மூன்றாமவர் கோலாலம்பூரில் இருக்கிறார். நான்கு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. அவருடைய பங்காளி ஒருவர் கானாடுகாத்தானில் இருக்கிறார். நாளை காலை முதல் பஸ்ஸில் அங்கே போகிறேன்.